தள்ளாத வயதில் இருப்பவர்மீது பழைய போர்க்குற்ற வழக்கு தேவையா?

இத்தனை ஆண்டுகள் கழித்து, தொண்ணூறைத் தாண்டியவர்களைப் போர்க்குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்துவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தத்தான் வேண்டும் என்பது என் பதில். ஆனால் 2021 செப்டம்பரில் என்னைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

அன்று ஜெர்மனியில் 96 வயது மூதாட்டி ஒருவர், தன்மீதான வழக்கு தொடங்கும் நாளில் முதியோர் இல்லத்திலிருந்து டாக்சி பிடித்துத் தப்பிப் போய், சில மணி நேரத்தில் பிடிபட்டார். செய்தியைப் பார்த்த என் பாட்டி, "கட்டையில போற வயசுல அவளைப் போயி ஏன்டா அலைக்கழிக்கிறாங்க?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்புறம் அந்த வழக்கைப் பற்றிப் படிக்கப் படிக்க மனசு மாறிவிட்டது.

அவர் பெயர் இர்ம்கார்ட் ஃபுர்ஷ்னர். 1943 முதல் 1945 வரை, இன்று போலந்தில் இருக்கும் ஸ்டுட்ஹோஃப் நாஜி வதைமுகாமின் தலைமை அதிகாரிக்கு டைப்பிஸ்ட். அப்போது அவருக்கு 18, 19 வயது. அதனால்தான் இந்த வயதிலும் அவரைச் சிறார் நீதிமன்றம் விசாரித்தது. அந்த முகாமில் செத்தவர்கள் 60,000 பேருக்கும் மேல்.

என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. 1954-லேயே அவர் சாட்சி சொல்லியிருக்கிறார். முகாம் அதிகாரி ஹொப்பே தினமும் சொல்லச் சொல்லத் தான் கடிதம் எழுதியதாகவும், மேலிடத்துக்குப் போன கடிதங்கள் தன் மேஜையைத் தாண்டித்தான் போனதாகவும் அப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆக, அவர் யார், எங்கே வேலை பார்த்தார் என்பதெல்லாம் 67 ஆண்டுகளாக அரசாங்கத்தின் கோப்பில் கிடந்திருக்கிறது. ஒளிந்திருந்த ஆளை இப்போது தேடிப் பிடித்த கதையே இல்லை இது.

பிறகு ஏன் விட்டுவைத்தார்கள்? இன்னாரை இவர் கொன்றார், அல்லது இந்தக் கொலைக்கு இவர் இப்படி உதவினார் என்று தனியாக நிரூபிக்கச் சொல்லி, ஜெர்மன் நீதிமன்றங்கள் காலங்காலமாகக் கேட்டுவந்தன. 2011-இல் சோபிபோர் என்ற நாஜி கொலைமுகாமின் காவலர் தெம்யான்யுக் வழக்கில் மியூனிக் நீதிமன்றம்தான், கொல்வதற்கென்றே நடத்தப்பட்ட இடத்தில் காவல் நின்றதே கொலைக்கு உடந்தை என்றது. அந்த வாசல் திறந்தபோது உயிரோடு மிஞ்சியிருந்தவர்கள் எல்லோரும் கிழவர்கள். தாமதித்தது நீதிமன்றம், அந்தத் தாமதத்தையே குற்றவாளிக்குச் சலுகையாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்று, சாட்சிக்கும்தான் வயதாகிறது. ஃபுர்ஷ்னர் வழக்கில் 83 வயதுப் பெரியவர் ஒருவர் வியன்னாவிலிருந்து வந்தார். அவருடைய அப்பாவை 1944-இல் ஸ்டுட்ஹோஃபில் ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள். அப்பாவின் படத்தைக் கையோடு கொண்டுவந்து, ஃபுர்ஷ்னர் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார். இதைப் பாட்டியிடம் சொன்னேன். "அப்பா சாகறப்ப அவருக்கு என்ன வயசு?" என்று கேட்டார். ஆறு என்றேன். அதன்பிறகு அலைக்கழிப்பு பற்றி அவர் பேசவே இல்லை.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. இதே தெம்யான்யுக்கைத்தான் 1988-இல் இஸ்ரேலில், ட்ரெப்ளிங்கா என்ற இன்னொரு நாஜி முகாமில் 'கொடூர இவான்' என்று அழைக்கப்பட்ட காவலர் என்று தவறாக நினைத்து மரண தண்டனை வரை கொண்டுபோனார்கள். அந்த முகாமில் தப்பிப் பிழைத்தவர்களே மனதார அடையாளம் காட்டினார்கள். இவர்தான் அந்த ஆள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று 1993-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முன் பார்த்த முகத்தை மட்டும் நம்பி யாரையும் தண்டிக்கக் கூடாது. காகிதம் பேச வேண்டும். ஃபுர்ஷ்னர் வழக்கில் நீதிபதிகள் அதோடும் நிற்கவில்லை. முகாம் இருந்த இடத்துக்கே போய், அவர் வேலை பார்த்த கட்டடத்திலிருந்து என்னென்ன தெரிந்திருக்கும் என்று நேரில் பார்த்துவிட்டு வந்தார்கள்.

வழக்கையே புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு நினைவு தப்பியவரை விட்டுவிட வேண்டும். கம்போடியாவில் 1970-களில் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட கெமர் ரூஜ் ஆட்சியின் அமைச்சர் இயெங் திரித்தை மறதி நோய் காரணமாக 2012-இல் விடுவித்தது சரிதான் என்பேன். ஆனால் டாக்சி பிடித்து ஓடத் தெரிந்தவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

வயதுக்கு இரக்கம் காட்ட வேண்டிய இடம் தண்டனை. அதையும் செய்தார்கள். விசாரணையைத் தினமும் கொஞ்ச நேரத்தோடு முடித்துக்கொண்டார்கள். 2022 டிசம்பரில் 10,505 கொலைகளுக்கு உடந்தை என்று தீர்ப்பு வந்தது. இரண்டு ஆண்டுத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. 2024-இல் மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. அடுத்த ஆண்டு, 99 வயதில் இறந்துபோனார். தண்டனைக்காக ஒரு நாள்கூட ஜெயிலில் இருக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

தீர்ப்புக்குச் சில நாள் முன்புதான் ஃபுர்ஷ்னர் இந்த விசாரணையில் முதன்முறையாக வாய் திறந்தார். நடந்ததற்கெல்லாம் வருந்துகிறேன், அந்தக் காலத்தில் ஸ்டுட்ஹோஃபில் இருந்ததற்கு வருந்துகிறேன், இதற்குமேல் சொல்ல முடியாது என்றார். போதாதுதான். ஆனால் வழக்கே போடாமல் விட்டிருந்தால், படத்தைத் தூக்கிக் காட்டிய அந்தப் பெரியவருக்கு அதுவும் கிடைத்திருக்காது.