ஒழுகினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? வீடு கட்டும் வேலையைப் பிரித்துக் கொடுப்பது பற்றிக் கேள்வி பதில்

22 வருடமாகச் சைட்டில் நிற்கிறேன். முதல் பாதி கான்ட்ராக்டரின் ஆளாக, அடுத்த பாதி வீட்டுக்காரர் சார்பில் மேற்பார்வைக்கு. எந்த வேலையைக் கான்ட்ராக்டரிடம் விடுவது, எதற்குத் தனியாக ஆள் பார்ப்பது என்பதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

புதுமனை: எலெக்ட்ரிகல், பிளம்பிங், டைல்ஸ், பெயிண்டிங், மரவேலை எல்லாத்தையும் தனித்தனியா கொடுத்தா நிறைய மிச்சமாகும்னு மச்சான் சொல்றார். சரியா சார்?

மிச்சமாகும். ஆனால் அது எதிலிருந்து மிச்சமாகிறது என்று பாருங்கள். தனக்குக் கீழே வேலை செய்பவர்களின் கூலிக்கு மேல் கான்ட்ராக்டர் கொஞ்சம் வைப்பார். அது சும்மா வாங்கும் காசு இல்லை. ஆசாரி வராத நாளில் டைல்ஸ்காரரை என்ன செய்வது, சாரம் எத்தனை நாள் நிற்கணும், நனைந்துபோன சிமென்ட் மூட்டை யார் கணக்கு, பூசிய சுவருக்கு 7 நாள் தண்ணீர் அடிப்பது யார், இதெல்லாம் அந்தக் காசுக்குள் அடக்கம். பிரித்துக் கொடுத்தால் அத்தனையும் உங்கள் தலையில். தினமும் காலையில் சைட்டில் நிற்க உங்களால் முடியுமா, அல்லது மச்சான் வந்து நிற்பாரா?

நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். முந்தின வேலை முழுதாக முடிந்த பிறகுதான் இந்த வேலை தொடங்குகிறதா? பின்னால் கெட்டுப்போனால் இது இன்னார் தப்பு என்று பார்த்தவுடன் சொல்ல முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தாராளமாகப் பிரியுங்கள். பெயிண்டிங், அலமாரி, மாடுலர் கிச்சன், ஏசி, கேட் எல்லாம் இந்த வகை. அஸ்திவாரம், கம்பி, சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகையும் முட்டுக்கம்பும்), கான்கிரீட், சுவர், பூச்சு இவற்றை ஒரே கையில் விடுங்கள். தளம் தொய்ந்தால் சென்ட்ரிங்காரர் கான்கிரீட்டைச் சொல்வார், கான்கிரீட் போட்டவர் முட்டுக்கம்பைச் சொல்வார். நடுவில் நீங்கள் நிற்பீர்கள்.

இன்னொன்று. கையெழுத்துப் போட்ட பிறகு ஒவ்வொரு வேலையாக உருவாதீர்கள். முதலிலேயே வேலைவாரியாக விலை கேளுங்கள். "இதில் எதற்கெல்லாம் உங்கள் சொந்த ஆள் இருக்கிறார், எதை வெளியில் கொடுக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். அவரே வெளியில் கொடுக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் பெரிதாக வருத்தப்பட மாட்டார்.

செங்கல்: கம்பி கட்ட மட்டும் தனி ஆள் வைக்கலாமா?

வேண்டாம். காரணம் மேலே இருக்கிறது.

மழைத்துளி: அண்ணா, மாடி பாத்ரூமுக்கு வாட்டர் ப்ரூபிங் செய்ய ஒரு கம்பெனி, பிளம்பர் தனி, டைல்ஸ் போட எங்க மாமாவுக்குத் தெரிஞ்சவர். மூணு பேருமே நல்ல வேலைக்காரங்க. இது சரியா வருமா?

நல்ல வேலைக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒழுகவிட்ட பாத்ரூமைப் பார்த்திருக்கிறேன் தங்கச்சி. கீழ் அறைக் கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரத் திட்டு. முதலில் பிளம்பர் வந்து பைப்பைச் சோதித்துக் காட்டினார், சொட்டு இல்லை. வாட்டர் ப்ரூபிங்காரர் தன் போனில் போட்டோ காட்டினார், தண்ணீர் கட்டி நிறுத்தியபோது ஒழுகவில்லை. டைல்ஸ்காரர் "நான் மேலே ஒட்டினவன்தானே" என்றார். கடைசியில் நான்கு டைல்ஸைப் பெயர்த்தோம். தரைவாட்டம் சரியாக வரவில்லை என்று டைல்ஸ்காரர் தரைத் தண்ணீர் வெளியேறும் ஃப்ளோர் ட்ராப்பைச் சுற்றி உளியால் இரண்டு அங்குலம் கொத்தியிருந்தார். பூசிய கோட்டிங் அங்கே கிழிந்திருந்தது. ட்ராப்பை உயரமாக வைத்தது பிளம்பர். கொத்தியது டைல்ஸ்காரர். கோட்டிங் இன்னொருவருடையது. இதில் யாரிடம் காசு கேட்பீர்கள்? வீட்டுக்காரர்தான் கட்டினார்.

அதனால் பாத்ரூமில் இந்த மூன்றும் ஒருவர் பொறுப்பிலேயே இருக்கட்டும். முடியவே முடியாது என்றால் ஒவ்வொருவர் கைமாறும்போதும் நிறுத்திச் சோதியுங்கள். சுவரை மூடும் முன் பைப்பில் வழக்கமாக வரும் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, கேஜ் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். கோட்டிங் காய்ந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் தேக்குங்கள். அடுத்தவர் உள்ளே வரும் முன் ட்ராப்பின் உயரத்தை அவரிடமே காட்டி, "சரி" என்று எழுதி வாங்குங்கள். மூவருக்கும் கடைசித் தவணையில் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். ஒழுகினால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயர் பதிலாக வரணும்.

மின்னல்: சார், நான் எலெக்ட்ரீஷியன். எலெக்ட்ரிகலைப் பத்தி நீங்க வாயே திறக்கல. கான்ட்ராக்டர் கொண்டுவர்ற எலெக்ட்ரீஷியன் யாருக்கு வேலை செய்வான்? காசு கொடுக்கிற கான்ட்ராக்டருக்கு. சுவத்துக்குள்ள போன வயர் எந்த அளவுன்னு வீட்டுக்காரர் எப்படிப் பார்ப்பார்? எங்களை நேரடியா வைக்கிறதுதான் நியாயம்.

நியாயம் இருக்கட்டும், தேதி என்ன ஆகும்? தளத்தில் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முன் இருக்கிற ஒரு நாளில்தான் வயர் போகும் பைப்பான கான்ட்யூட்டைப் பதிக்கணும். தனியாக அமர்த்திய ஆள் அன்றைக்கு வேறு சைட்டில் இருப்பார். கான்கிரீட் காத்திருக்காது. பிறகு தளத்தைக் கொத்துவார்கள்.

மின்னல்: கான்ட்ராக்டரோட ஆள் மட்டும் கூப்பிட்ட நாளைக்கு வந்துடுவானா? அவனுக்கும் பத்து சைட். நான் நேத்து ஒரு வீட்டுல சுவிட்ச் போர்டைத் திறந்தேன். ஹீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்திருக்கு. பில்லுல 4ன்னு போட்டிருக்கு.

கூரை: மின்னல் சொல்றது சரிதான். எங்க வீட்டுலயும் எர்த் வயர் இழுக்கவே இல்லை.

செங்கல்: என் கான்ட்ராக்டர் வெளியாள் வந்தா கேரண்டி தரமாட்டேன்றார். அப்ப எலெக்ட்ரிகலை எப்படிப் பிரிக்கிறது?

மின்னல்: அவர் சுவத்துக்குத்தான் கேரண்டி தரணும், வயருக்கு நான் தர்றேன்.

ஒவ்வொருவராக வாருங்கள். கான்ட்ராக்டர் சொல்வதில் பாதி சரி. அடுத்தவர் கொத்திய சுவருக்கு அவர் எப்படிப் பொறுப்பேற்பார்? பூச்சுக்கு முன்பே சுவரில் வயர் போகும் காடி வெட்டி முடித்து, அதை அவரே வந்து பார்த்துவிட்டால் அந்தச் சாக்கு போய்விடும்.

ஹீட்டர் வயர் விஷயத்தில் மின்னலுக்கு என்னிடம் பதில் இல்லை. மறைந்துபோகும் வேலையில் யாருக்குக் காசு போகிறதோ அவருக்குத்தான் விசுவாசம். சரி, இதில் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். எலெக்ட்ரிகலை நேரடியாகக் கொடுக்கலாம், ஆனால் சும்மா இல்லை. வயர், சுவிட்ச் எல்லாம் நீங்களே வாங்குங்கள். தளம் போடும் தேதியைக் கான்ட்ராக்டரும் எலெக்ட்ரீஷியனும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். கடைசியில் மெக்கர் என்ற சோதனைக் கருவியை வைத்து 500 வோல்ட்டில் வயரின் இன்சுலேஷன் பாருங்கள், 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் ஏற்காதீர்கள். 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவு மின் பிரேக்கர் இல்லாத வீட்டைக் கைமாற்றி வாங்காதீர்கள்.

மின்னல்: இதைத்தான் சார் முதல்லயே சொன்னேன்.

நீங்கள் தேதியைப் பற்றிச் சொல்லவே இல்லை.

வாசல்படி: டைல்ஸ் தனியா கொடுக்கலாமா?

பாத்ரூம் தவிர மற்ற இடத்துக்குக் கொடுக்கலாம்.

நிலா: ஜன்னலை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கிறோம். ஏதாவது கவனிக்கணுமா?

பூசி முடித்த பிறகு அளவெடுக்கச் சொல்லுங்கள். வரைபட அளவுக்குச் செய்துவந்த ஜன்னல் ஒன்றாவது மாட்டாமல் நிற்கும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடைப்பது யார் என்பதையும் எழுதி வாங்குங்கள். சாரல் அந்த வழியாகத்தான் வரும்.

தென்னங்கீற்று: பெயிண்டிங் தனியா கொடுக்கலாமா சார்?

முதல் பதிலிலேயே இருக்கிறது. புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் கொடுங்கள், பெயிண்டர் அவசரப்படுத்தினாலும்.

கூரை: நான் தனியா கூட்டிவர்ற ஆள் சைட்டுல விழுந்து அடிபட்டா?

இதை யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்டரின் காப்பீடு அவருடைய ஆட்களுக்குத்தான் என்று எழுதியிருக்கலாம். வேலை தொடங்கும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சட்டப் பொறுப்பை வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை.

புதுச்சுவர்: எங்க வீட்டு பீம்ல விரிசல் இருக்கு, பெயிண்டரே அடைச்சிடுவாரா?

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். பட்டி வைத்து மூடாதீர்கள்.

அலமாரி: டைல்ஸ், பெயிண்டிங் ரெண்டையும் தனியா...

மேலே படியுங்கள்.

மழைத்துளி: அண்ணா, பெயிண்டர் தனின்னா சாரம் யாரோடது?

நல்ல கேள்வி. பூச்சு முடிந்ததும் கான்ட்ராக்டர் சாரத்தைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார். வெளிச்சுவர் பெயிண்டுக்காக எத்தனை நாள் விட்டு வைக்கணும், அதற்கு வாடகை உண்டா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மறந்தால் அதே வீட்டுக்கு இரண்டு முறை சாரம் கட்டுவீர்கள்.

இன்றைக்கு இவ்வளவுதான். நாளைக் காலை 6 மணிக்கு ஒரு தளம் போடுகிறோம், பாதி கான்ட்யூட் இன்னும் பதிக்கவில்லை. எலெக்ட்ரீஷியனை வீட்டுக்காரர் நேரடியாக அமர்த்தினார். மூன்று முறை அடித்துவிட்டேன், போன் எடுக்கவில்லை. மின்னல், அது நீங்கள் இல்லையே?