காக்கையையும் எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

பொங்கலையொட்டி நான்கு நாள் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பார்த்த பறவைகளின் பட்டியலை ஏற்றும் ஈபேர்ட் செயலியை இறக்கினேன். வளசரவாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் நான்கு நாளும் காலையில் கால் மணி நேரம் நின்றேன். காக்கை, மாடப்புறா, மைனா, ஒரு கிளிக் கூட்டம். அவ்வளவுதான். வேடந்தாங்கல் போய் வந்தவர்கள் பட்டியலுக்கு நடுவே இதை ஏற்றக் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன். தப்பாக ஏதாவது பதிந்துவிடுவேனோ என்ற பயமும்தான்.

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

குறித்து வைத்த தாள் இருக்கிறதா? இருந்தால் இன்றே ஏற்றிவிடுங்கள். பழைய தேதியையும் ஈபேர்ட் ஏற்கும். நாளுக்கு ஒன்றாக நான்கு பட்டியல். எத்தனை காக்கை என்பது மறந்துபோயிருந்தால் எண்ணுக்குப் பதில் எக்ஸ் போடலாம்.

வேடந்தாங்கலுக்கு எழுத ஆள் நிறைய. உங்கள் மாடிக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? பார்த்த எல்லாப் பறவைகளையும் குறித்தீர்களா என்று செயலி கடைசியில் கேட்கும். ஆம் என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவை அன்று அங்கே தென்படவில்லை என்பதும் கணக்கில் வந்துவிடும். உங்கள் நான்கு நாளிலும் சிட்டுக்குருவி இல்லை பாருங்கள், அது ஒரு சேதி. குருவி அழிந்தே போயிற்று என்று, உலகச் சிட்டுக்குருவி தினமான மார்ச் 20 வந்தால் வாட்ஸப்பில் அழுகிறோம். 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையோ, நாடு முழுக்கப் பார்த்தால் குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. அப்படிப் பிரித்துச் சொல்ல முடிந்ததே இப்படி மாடியில் நின்று எண்ணியவர்களால்தான்.

தப்பு வரும், வரட்டும். என் பால்கனி முருங்கையில் 2 தேன்சிட்டு என்று அடிக்க வேண்டியதை 22 என்று அடித்துவிட்டேன். நிஜமாகவா என்று செயலியே கேட்டது, அவசரத்தில் ஆம் என்றேன். அப்புறம் பட்டியல்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் பணிவாக மின்னஞ்சல் அனுப்பினார். திருத்தினேன். அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

அது சரி, அந்தக் கிளிகள் எந்த மரத்தில் இறங்கின? அதை எழுதவில்லையே. புங்கையோ வேம்போ, எதுவானாலும், மரங்களின் பருவ மாற்றங்களைப் பதியும் சீசன்வாட்ச் தளத்தில் அந்த ஒரு மரத்தைப் பதிந்துகொள்ளுங்கள். வாரம் ஒரு முறை தளிர், பூ, காய் ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய என்று மூன்றில் ஒன்றைக் குறித்தால் போதும். மாடியிலிருந்தே தெரியும்.