ஒரு கிலோகூட இல்லாத பொமரேனியன் குட்டிக்குச் சர்க்கரை குறையாமல் பார்ப்பது எப்படி?

எட்டு வாரக் குட்டி, காலையில் தள்ளாடி விழுந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் போன்ற சின்ன இன நாய்க்குட்டிகளுக்கு இரத்தத்தில் சர்க்கரை குறைந்து இப்படி அடிக்கடி வருவதுதான். கல்லீரல் மிகச் சிறியது. அதில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். மூளைக்கோ அது இல்லாமல் முடியாது.

அதனால் பெரிய நாய்க்குப் போல இரண்டு வேளை சாப்பாடு இங்கே உதவாது. நாளுக்கு நான்கைந்து முறை, கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டிகளுக்கான உணவு கொடுங்கள். இரவு தூங்கப் போகும் முன் ஒரு முறை, விடிந்ததும் ஒரு முறை கட்டாயம். பாலும் சோறும் மட்டும் போதாது. குளிர், வயிற்றுப் பூச்சித் தொல்லை, வயிற்றுப்போக்கு, புது வீட்டுக்கு வந்த பதற்றம் எல்லாமே சர்க்கரையைக் குறைக்கும். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் மணிக்கணக்கில் தூக்கி விளையாடுவதும்தான்! நடுவில் தூங்க விடுங்கள்.

சோர்வு, நடுக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி) கலந்த இனிப்பு நாய்க்கு விஷம். குட்டியைத் துணியில் சுற்றிச் சூடாக வைத்து, அப்புறம் தெளிந்துவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பு வந்தால் தேன் தடவிக்கொண்டே உடனே கிளம்புங்கள். விரலைப் பல்லுக்கு நடுவில் விடாதீர்கள்.