தமிழ் படிக்க அமெரிக்கா வந்திருக்கும் தம்பிக்கு

எம்.ஏ. தமிழ் முடித்து, நெட் தேர்வும் தேறி, தரங்கம்பாடி அச்சகம் பற்றி ஆய்வு செய்ய இந்த ஆகஸ்டில் இங்கே பிஎச்.டி. சேர்ந்திருக்கிறீர்கள். வந்த வாரமே "இரண்டாவது மொழி என்ன?" என்று கேட்கிறார்கள், எனக்குத் தமிழ் தெரியும் என்பது ஒரு பொருட்டே இல்லையா, இதை முடித்தால் வேலை கிடைக்குமா, இல்லை இப்போதே கம்ப்யூட்டர் பக்கம் தாவிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துத்தான் வீட்டுக்கடன் கட்டுகிறேன், அதனால் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன்.

தம்பி, ஊரில் இருப்பது மாதிரி தமிழ்த்துறையை இங்கே தேடாதீர்கள். தெற்காசிய மொழிகள் என்று ஒரு துறை இருக்கும், அதில் சமஸ்கிருதக்காரர், உருதுக்காரர், வங்காளக்காரர் எல்லாருக்கும் நடுவில் தமிழுக்கு ஒருவர், பல இடங்களில் அந்த ஒருவரும் இல்லை. இந்த ஏற்பாடு நம் மொழிமேல் வந்த பாசத்தால் பெருகியதும் இல்லை. 1957இல் ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கர்களுக்கு உதறல் எடுத்து, 1958இல் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்று ஒன்று போட்டு மொழி மையங்களுக்குப் பணம் ஒதுக்கினார்கள். நூலகக் கதை இன்னும் வேடிக்கை. பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் அமெரிக்கா அனுப்பிய கோதுமைக்காக இந்தியா ரூபாயாகக் கட்டிய பணம் அங்கேயே கிடந்தது, அதில் ஒரு பங்கை எடுத்து 1962 முதல் நம்மூரில் அச்சாகும் புத்தகங்களை வாங்கி இங்குள்ள நூலகங்களுக்குக் கப்பலேற்றினார்கள். ஊரில் பழைய புத்தகக் கடைகளில் அலைந்தாலும் அகப்படாத அறுபதுகளின் நாவல் இங்கே அட்டை கலையாமல் நிற்பதைப் பார்ப்பீர்கள், அது ரேஷன் கோதுமை வாங்கித் தந்த புத்தகம்!

ஒரு மொழியைவிட வட்டாரம் முழுவதையும் பார்க்கும் அந்தப் புத்தியில் வளர்ந்த துறை என்பதால் ஒரு மொழி மட்டும் தெரிந்தவரை அரைகுறையாகத்தான் மதிக்கும். கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன் 1959இல் இங்கே வந்து இந்தியானாவில் மொழியியலில் பட்டம் வாங்கி, சிகாகோவில் உட்கார்ந்து தமிழ், கன்னடம் இரண்டிலும் வேலை செய்தவர். பெர்க்லியில் தமிழை நிலைநிறுத்திய ஜார்ஜ் ஹார்ட் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியது சமஸ்கிருதத்தில். இது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும், சமஸ்கிருதம் மட்டும் தெரிந்தவரிடம் யாரும் "தமிழ் தெரியுமா" என்று இவ்வளவு அழுத்திக் கேட்பதில்லை. ஆனால் உங்கள் தலைப்புக்கு அது நியாயமான கேள்வி. தரங்கம்பாடியில் அச்சகம் வைத்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு காலத்துக் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியில் ஹாலேயில் இருக்கின்றன, ஜெர்மன் படிக்கத் தெரியாமல் எப்படி? அதே மிஷனைச் சேர்ந்த சூல்ட்சே சென்னைக்குப் போய்த் தெலுங்கில் இறங்கினார், ஆக தெலுங்கும் கையில் இருந்தால் உங்கள் ஆய்வு தானாக அகலமாகும்.

அடுத்த வருடம் வகுப்பெடுக்கச் சொல்வார்கள், அதற்குத் தயாராக இருங்கள். பாதிப் பேர் இங்கேயே பிறந்த நம் பிள்ளைகள், பாட்டியிடம் தொலைபேசியில் சரளமாகப் பேசுவார்கள், எழுதச் சொன்னால் 'அ'வில் நிற்பார்கள். மற்றவர்கள் எழுத்தை மளமளவென்று பிடித்துவிடுவார்கள், "வந்துட்டுப் போயிட்டாங்க" என்றால் ஒன்றும் புரியாது. ஒரு பெண் எழுந்து, "எனக்குப் பசிக்கிறது என்கிறீர்களே, பசிப்பது நான்தானே, ஏன் நான் என்று வரவில்லை?" என்று கேட்பாள். அங்கே நன்னூல் சூத்திரம் எடுபடாது. எம்.ஏ.வில் நமக்கு யாரும் சொல்லித்தராத வேலை இது, ஆனால் நேர்காணலில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லும்போது சோறு போடப்போவது இதுதான்.

சரி, வேலை. இங்கே இரண்டு சாதி உண்டு. பேராசிரியர் பதவியில் சேர்ந்தால் ஆறேழு வருடத்துக்குள் ஒரு நல்ல பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் புத்தகம் கொண்டுவர வேண்டும், வெளிப் பல்கலைக்கழக அறிஞர்கள் உங்கள் தகுதி பற்றிக் கடிதம் எழுதுவார்கள், தேறினால் ஆயுள் வேலை, தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மொழி விரிவுரையாளர் என்பது என்னைப் போல ஒப்பந்தத்தில் ஓடுவது, வகுப்பு அதிகம், ஆள் சேரவில்லை என்றால் பாடத்தையே எடுத்துவிடுவார்கள். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு, அதாவது நிரந்தர நிதி வைத்த ஒரு பேராசிரியர் பதவிக்கு, உலகத் தமிழர்கள் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டினார்கள், டொராண்டோவுக்கும் திரட்டினார்கள், பெருமைதான், ஆனால் ஒரு இருக்கை என்றால் ஒருவர்தான் உட்கார முடியும். தமிழ் என்று பெயர் போட்ட வேலை ஒன்றுகூட வராத வருடங்கள் உண்டு. வருவதெல்லாம் தெற்காசிய மதங்கள், காலனிய வரலாறு, ஒப்பிலக்கியம் என்றுதான். உங்கள் தரங்கம்பாடி இந்த மூன்றிலும் நுழையும், அது உங்கள் அதிர்ஷ்டம். தெற்காசிய நூலகர் வேலையையும் மனதில் வையுங்கள், பழைய அச்சு தெரிந்தவருக்கு அது நல்ல இடம்.

விசா விஷயம். கலைப் பட்டத்துக்கு முடித்தபின் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி 12 மாதம் மட்டும், கம்ப்யூட்டர் நண்பர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் நமக்கு இல்லை. பல்கலைக்கழகம் வேலைக்கு எடுத்தால் எச்-1பி வேலை விசாவுக்குக் குலுக்கல் கிடையாது என்பது மட்டும் ஆறுதல். தமிழ் கற்க அரசு உதவித்தொகை உண்டு என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டுப் போய் நிற்காதீர்கள், குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவருக்குத்தான் அது. உங்கள் உதவித்தொகை ஒன்பது மாதமா பன்னிரண்டு மாதமா என்று கடிதத்தை எடுத்துப் பாருங்கள், கோடையில் கை காலி என்றால் இப்போதே ஏதாவது தேட வேண்டும். தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றத்துக்கு நடுவராகக் கூப்பிடுவார்கள், போங்கள், சாப்பாடு நன்றாக இருக்கும், ஆனால் மாதாமாதம் போனால் ஆய்வு நகராது.

கம்ப்யூட்டருக்குத் தாவுவதை இந்த வருடம் யோசிக்காதீர்கள். கட்டணம் கட்டாமல் படிக்கிறீர்கள், தகுதித் தேர்வு வரை போய்ப் பாருங்கள், பல துறைகளில் அந்தக் கட்டத்தில் ஒரு எம்.ஏ.வோடு வெளியேறலாம். அக்டோபரில் மேடிசனில் தெற்காசிய மாநாடு நடக்கும், கட்டுரை இல்லாவிட்டாலும் போய் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம், தெலுங்கு முதலாண்டு வகுப்பு பெரும்பாலும் இலையுதிர் பருவத்தில்தான் தொடங்கும், இப்போது விட்டால் ஒரு வருடம் போய்விடும். பதிவுக்குக் கடைசி நாள் என்றைக்கு என்று துறை அலுவலகத்தில் நாளைக்கே கேட்டுவிடுங்கள்.