ரூட் கேனால் முடிஞ்சு ஆறு வாரம் ஆச்சு, இன்னும் பல்லும் ஈறும் வலிக்குது, புடுங்கிரலாமா?

அவசரப்பட்டுப் புடுங்கிராதீங்க. கடிச்சா சுருக்குங்குது, ஈறு தொட்டா நோவுது, எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்றார்னு எழுதிருக்கீங்க, எனக்கு அச்சு அசலா இதேதானுங்க நடந்துச்சு. நான் டாக்டரெல்லாம் இல்ல, அவினாசியிலிருந்து தெனமும் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிட்டு வர்ற ஆளு, செக்கிங் செக்சன். நாலு மாசம் இந்த வலியோட கெடந்ததுல தெரிஞ்சுக்கிட்டதைத்தான் சொல்றேன்.

எனக்கு கீழ் வலது கடவாய்ப்பல்லு. சொத்தை உள்ள வரைக்கும் போயிருச்சுன்னு பக்கத்துலயே ஒரு கிளினிக்ல ரூட் கேனால் பண்ணி, அதாவது பல்லுக்குள்ள இருக்கற நரம்பை எடுத்து அடைச்சு, மேல கேப்புன்னு ஒரு உறையும் போட்டாங்க, 9000 ரூவா ஆச்சு. ஒரு வாரம் வலி இருக்கும்னு சொன்னாங்க, சரி. ரெண்டு வாரம் ஆச்சு, மூணு வாரம் ஆச்சு, அந்தப் பக்கம் ஒரு வாய் சோறு மெல்ல முடியல. பிசிறு வெட்டறப்ப கத்தரி கைக்கு எட்டலைன்னா நூலைப் பல்லுல கடிச்சு இழுக்கற பழக்கம் எனக்கு, ஒருக்கா அப்படிக் கடிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு. டாக்டர்கிட்ட போனா மறுபடி எக்ஸ்ரே, மறுபடி "போகப் போக சரியாயிரும்மா". பொங்க நோம்பிக்கு ஒறம்பரை எல்லாம் வந்து கரும்பு கடிக்கறாங்க, நான் சந்தகையும் தேங்காப்பாலும் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

இதுக்கு நடுவுல எங்க அம்மிச்சி "கிராம்புத் தைலத்தை பஞ்சுல நனைச்சு வெய்யி கண்ணு"ன்னாங்க, நானும் தாராளமா ஊத்தி வெச்சேன், ஈறு வெந்து வெள்ளையா உரிஞ்சுருச்சு. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறுல அடக்கி வெக்கறதும் அப்படித்தான், புண்ணாயிரும். வெதுவெதுப்பான உப்புத்தண்ணி கொப்பளிக்கறதோட நிறுத்திக்கங்க.

அப்புறம் கோயமுத்தூர்ல வேர் சிகிச்சைக்குன்னே, அதாவது ரூட் கேனாலுக்குன்னே, தனியா எம்டிஎஸ்ங்கற மேல்படிப்பு படிச்ச ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். அவங்க எக்ஸ்ரேவை வாங்கி ஓரமா வெச்சுட்டு மொதல்ல கேட்டது, "கடிக்கறப்ப வலியா, கடிச்சு விடறப்ப வலியா, சும்மா இருக்கறப்ப வலியா? பல்லு வலிக்குதா, ஈறு வலிக்குதா?" எனக்கு அதுவரைக்கும் எல்லாம் ஒரே வலிதான். அப்பத்தான் யோசிச்சுப் பாத்தா ரெண்டு வலிங்க அது. கடிச்சா பல்லுல ஒரு சுருக்கு, சாப்ட்டு அரை மணி நேரம் கழிச்சு ஈறுல ஒரு கடுகடுப்பு. உங்களுக்கும் அப்படி இருக்கான்னு ரெண்டு நாள் கவனிச்சு ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுரும்.

மொத வலிக்கு நீலக் கலர்ல கார்பன் பேப்பர் மாதிரி ஒன்னை வெச்சுக் கடிக்கச் சொன்னாங்க. என் கேப்ல ஒரே எடத்துல மட்டும் அழுத்தமா மை ஒட்டியிருந்துச்சு. மத்த பல்லெல்லாம் சேர்றதுக்கு முன்னாடியே இந்தப் பல்லு மேல்பல்லுல இடிக்குதாம். நரம்பைத்தான் எடுத்தாச்சே அப்புறம் எப்படிங்க வலிக்கும்னு கேட்டேன். எடுத்தது பல்லுக்குள்ள இருக்கற நரம்பை மட்டும்தான், பல்லு வேருக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா நார் நாரா ஒரு ஜவ்வு இருக்குது, கால் மில்லிமீட்டர் தடிமன்தான், அதுல நரம்பு உசுரோடதான் இருக்கும், தெனமும் குத்து வாங்கினா அது எப்படி ஆறும்னாங்க. லேசா தேச்சு விட்டாங்க, அஞ்சு நிமிசம்கூட ஆகல. ஒரு வாரத்துல அந்த சுருக்கு போயே போச்சு. நாலு மாசமா இதுக்குத்தான் அழுதேனான்னு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம்.

ஈறு வலி வேற கதை. கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவுல சந்து விட்டிருந்துச்சு, பல்லிடுக்கை சுத்தம் பண்ற ஃப்ளாஸ் நூலை விட்டா தடையே இல்லாம வழுக்கிட்டு எறங்குது. நெலக்கடலைத் தோலு, கறி நாரு எல்லாம் அங்க போயி அடைஞ்சு ஈறைக் குத்தி வீங்க வெச்சிருக்குது. அதுக்கு கேப்பையே கழட்டி புதுசு போட வேண்டியதாப் போச்சு, அது தெண்டச் செலவுதான், என்ன பண்றது.

எல்லாருக்கும் இவ்வளவு லேசுல முடியாதுங்க. எங்க சின்னம்மாவுக்கு மேல் கடவாய்ப்பல்லு, தட்டினா வலி, அது போக ஒரு மந்த வலி எப்பவும். மேல் பெரிய கடவாய்ப்பல்லுக்கு வேர் மூணுதான், ஆனா வேருக்குள்ள நரம்பு ஓடற கால்வாய் நாலாவதா ஒன்னு ஒளிஞ்சிருக்கறது நொம்ப சகஜமாம், அது விட்டுப்போயிருந்துச்சு. சாதா எக்ஸ்ரே ஒரு பக்கத்துல நின்னு எடுக்கற போட்டோ மாதிரி, ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னு இருந்தா தெரியாது, பல்லை எல்லாப் பக்கத்துலயிருந்தும் காட்டற சிபிசிடின்னு ஒரு ஸ்கேன் எடுத்துத்தான் கண்டுபுடிச்சாங்க. பல்லைத் திரும்பத் தொறந்து மைக்ராஸ்கோப் வெச்சு அதையும் சுத்தம் பண்ணி அடைச்சாங்க, இப்ப நல்லாருக்காங்க. அதனால எக்ஸ்ரே நல்லாருக்குன்னு சொன்னா அதோட விட்டுராம, ஸ்கேன் தேவைப்படுமான்னு கேளுங்க.

கடிச்சு விடறப்ப சுளீர்னு வந்தா பல்லு விரிசல் விட்டிருக்கலாம், வேர் வரைக்கும் விரிசல் போயிருந்தா மட்டும் பெரும்பாலும் எடுக்கத்தான் வேணும். ஈறுல சின்னதா கொப்புளம் வந்து சீழ் கசிஞ்சா அதையும் விடாம காட்டுங்க. மேல்பல்லா இருந்து, சளி புடிச்ச நேரத்துல, குனிஞ்சா நாலஞ்சு பல்லு சேர்ந்து வலிச்சா அது சைனஸாக்கூட இருக்கும், பல்லு மேல பழி போடாதீங்க.

மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்காதீங்க, வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வலிக்கு அது ஒன்னும் பண்ணாது. வலி மாத்திரையும் அல்சர், கிட்னி பிரச்சினை இருந்தா டாக்டரைக் கேட்டுத்தான். ஆனா மூஞ்சி வீங்கி கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவுது, வாய் தொறக்க முடியல, முழுங்க முடியல, மூச்சு சிரமம்னா கிளினிக் தொறக்கட்டும்னு காத்திருக்காம ராத்திரியா இருந்தாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க.

செலவு கையைக் கடிக்குதுன்னா பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளைப் பாருங்க, கோயமுத்தூர்லயும் இருக்குது, திருச்செங்கோட்டுப் பக்கமும் இருக்குது. நேரம் இழுக்கும், நாலு தடவை அலைய விடுவாங்க, ஆனா வெளிய ஆகறதைவிட பெரும்பாலும் கம்மியாத்தான் ஆகும்.

ஆமா, கேப் போட்டாச்சா இல்லையான்னு நீங்க சொல்லவே இல்லையே? போடலைன்னா மொதல்ல அதைப் பத்திப் பேசுங்க, அதுவரைக்கும் அந்தப் பக்கம் முறுக்கு, கடலைன்னு எதையும் கடிக்காதீங்க, ரூட் கேனால் பண்ணின கடவாய்ப்பல்லு கேப் இல்லாம இருந்தா சட்டுனு ஒடைஞ்சுரும்ங்க.