ஜெர்மனியில் படிக்கும் உக்ரைன் அகதிகளுக்குக் கல்வி உதவித்தொகை எந்த அடிப்படையில் கிடைக்கிறது?

ஜெர்மனியில் ‘பாஃபெக்’ என்பது, வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களின் வாழ்க்கைச் செலவுக்கு அரசு மாதந்தோறும் தரும் தொகை. பல்கலைக்கழக மாணவர்களுக்கு அதில் பொதுவாகப் பாதி மானியம், மறுபாதி வட்டியில்லாக் கடன். வெளிநாட்டவரைப் பொறுத்தவரை, அதற்கான தகுதியைப் பெரும்பாலும் வதிவிட அனுமதியின் வகையே தீர்மானிக்கிறது. 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்த தற்காலிகப் பாதுகாப்பின்படி, வதிவிடச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் அனுமதி பெற்றவர்கள் அவ்வாண்டு ஜூன் 1 முதல் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

காரணம் எளிது. படிப்பதற்கென்றே விசா கேட்பவர், தம் செலவுக்குப் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்டியாக வேண்டும். குண்டுவீச்சுக்குத் தப்பி, மாற்றுத் துணியும் மதிப்பெண் சான்றிதழும் மட்டும் எடுத்துக்கொண்டு எல்லை கடந்த மாணவியிடம் அதைக் கேட்பது எந்த வகையிலும் நியாயமாகாது. நூலகத்தில் புத்தகம் இரவல் பெற உறுப்பினர் அட்டையைத்தான் பார்ப்பார்கள், சொந்த ஊரை அல்ல, இங்கும் அப்படித்தான். பெற்றோரின் வருமானம், வயது வரம்பு போன்ற வழக்கமான நிபந்தனைகள் இவர்களுக்கும் உண்டு.

உக்ரைன் பாஸ்போர்ட் இருந்தாலே போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மாணவர் விசாவில் மட்டும் தங்கியிருக்கும் உக்ரைனியருக்குப் பொதுவாக இத்தொகை கிடைப்பதில்லை.