பிரஷர் மாத்திரையைச் சட்டென்று விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. மன்னார்குடி பக்கம் விவசாயம். பிரஷருக்காக மூன்று வருடமாக அட்டெனோலால் 50 மில்லிகிராம் காலையில் சாப்பிடுகிறேன். வரப்பில் நாலு நடை நடந்தாலே அசதி. சம்பா நடவு சமயத்தில் ஐந்து நாள் மாத்திரை போடவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, பிரஷர் 170/104. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடி போடச் சொன்னார்கள்; அடங்கிவிட்டது. இந்த மாத்திரையை அடியோடு விட்டுவிடலாமா?

பதில்: விடலாம் ஐயா. ஆனால் நீங்களாக விடக்கூடாது, ஒரே நாளில் விடக்கூடாது.

அட்டெனோலால், மெட்டோபிரோலால், புரோப்ரனோலால் எல்லாம் பீட்டா பிளாக்கர் வகை. அட்ரீனலின் வந்து இதயத்தை விரட்டுகிற வாசலை இவை அடைத்துக்கொள்கின்றன. துடிப்பு குறைகிறது, பிரஷர் இறங்குகிறது. ஆனால் வாசல் அடைபட்டிருப்பதைப் பார்த்து உடம்பு புதிது புதிதாக வாசல்களைத் திறந்து வைக்கும். மதகை அடைத்தால் மேற்கே தண்ணீர் ஏறி நிற்குமே, அதுபோல. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் மொத்தமும் ஒரே மூச்சில் பாயும். உங்களுக்கு வந்த படபடப்பு அதுதான். இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு இதுவே நெஞ்சுவலியாகவும் மாரடைப்பாகவும் முடியலாம். உங்களுக்கு அப்படி ஆகாததில் எனக்குப் பெரிய ஆறுதல். நிறுத்த வேண்டியிருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாக அளவைக் குறைப்போம்.

அசதி உங்கள் கற்பனை இல்லை. வயலில் குனிந்து நிமிரும்போது இதயம் வேகமெடுக்க வேண்டும். இந்த மருந்து அதை விடாது. கைகால் சில்லிடுவது, சிலருக்கு ஆண்மைக் குறைவு, இவையும் உண்டு. வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. வெறும் ரத்த அழுத்தத்துக்கு இன்று பெரும்பாலும் ஆம்லோடிபின், டெல்மிசார்டான் போன்றவற்றைத்தான் முதலில் கொடுக்கிறோம். பக்கவாதத்தைத் தடுப்பதில் அட்டெனோலால் கொஞ்சம் பின்தங்குகிறது.

அதற்காக இது ஆகாத மருந்து என்று நினைக்க வேண்டாம். மாரடைப்பு வந்தவருக்கும், துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவருக்கும் இந்த வகை மருந்து பெரிய துணை. பலவீனமான இதயத்துக்கும் இதில் சிலவற்றைக் கொடுக்கிறோம். புரோப்ரனோலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசே கிடைத்தது. அதனால் உங்களுக்கு ஏன் இதை எழுதினார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். மூன்று வருடத்துக்கு முந்தைய சீட்டும் ஈசிஜியும் வீட்டில் இருக்கிறதா, தேடிப் பாருங்கள்.

சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறீர்களா? எழுதவில்லை. சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. திடீரென்று வேர்த்தால் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். ஆஸ்துமா இருந்தாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 50-க்குக் கீழே போனாலோ, தலைசுற்றினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் 108.

அப்புறம், நடவு முடிந்த உடம்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடும் பழக்கம் நம் பக்கம் அதிகம். அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு வாரம் நாடியையும் பிரஷரையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வந்தால் அவரிடமே பிரஷர் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தாளோடு போங்கள். அதுவரை காலை மாத்திரை ஒரு நாளும் தவற வேண்டாம்.